உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

போர்க்களத்தில் மாண்ட வீரனுக்கு நடுகல் உண்டு. கடலில் கலம் கவிழ்ந்து மாண்டவனுக்குக் கரையில் கண்ணீர் உண்டு. வயிற்றுப்போக்கினால் மாண்ட கோடிக்கணக்கான மாந்தருக்கோ நடுகல்லும் இல்லை. அவர்தம் பெயரைச் சொல்லும் ஏடும் இல்லை. வெளியில் சொல்லக் கூசும் நோயாகையால் இலக்கியம் அதனை ஒதுக்கியது. ஏழையின் குடிசையில் நிகழ்ந்த சாவாகையால் வரலாறும் அதனை ஒதுக்கியது. ஆயினும் மனித குலத்தைப் பெருமளவில் மாய்த்த பகைகளுள் இந்நோயும் ஒன்று. அப்பகையை வென்ற படைக்கலமோ அடுக்களையில் கிடக்கும் உப்பும் சர்க்கரையும் நீருமே ஆகும். இத்துணை எளிய மருந்தைக் கண்டடைய மருத்துவ உலகம் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தது ஏன் என்னும் வினாவே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

நோயின் இயல்பு

வயிற்றுப்போக்கு என்பது ஒரே நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவாக அமைந்த ஓர் அறிகுறி. காலரா எனப்படும் வாந்திபேதியை ஒரு வகை நுண்ணுயிர் உண்டாக்குகிறது. இரத்தமும் சளியும் கலந்து போகும் சீதபேதியை வேறு நுண்ணுயிர்கள் விளைவிக்கின்றன. சீதபேதிக்குக் காரணமான அமீபாவை 1875ஆம் ஆண்டு உருசிய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோஷ் என்பார் விளக்கினார். அந்நோயின் மற்றொரு காரணமாகிய ஷிகெல்லா நுண்ணுயிரை 1897இல் ஜப்பானியரான ஷிகா கியோஷி கண்டறிந்தார். குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரசை 1973ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் கண்டனர்.

காரணங்கள் பலவாயினும் பரவும் வழி பெரும்பாலும் ஒன்றே. நோயாளியின் கழிவிலிருந்து வெளிப்படும் நுண்ணுயிர், நீர் வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ, ஈ மொய்த்த உணவு வழியாகவோ மற்றொருவர் வாயை அடைகிறது. கழிவும் குடிநீரும் கலக்குமிடமெல்லாம் இந்நோய் குடியேறுகிறது. ஆகவே இஃது உடலின் நோய் என்பதோடு ஊரின் நோயும் ஆகும்.

கொல்லும் முறையிலும் ஒற்றுமை உண்டு. வாந்திபேதியில் கிருமி குடலைத் தின்பதில்லை, இரத்தத்தில் புகுவதுமில்லை. அது வெளிப்படுத்தும் நச்சுப்பொருளின் தூண்டுதலால் சிறுகுடல் உடலிலுள்ள நீரையும் உப்பையும் இடைவிடாது வெளியேற்றுகிறது. கடும் நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும் நீர் இழக்கப்படலாம். கண்கள் குழி விழுகின்றன, தோல் சுருங்குகிறது, குரல் தேய்கிறது, நாடி ஒடுங்குகிறது. காலையில் நலமாக இருந்தவன் மாலைக்குள் மடிகிறான். உடல் வறண்டு போவதே சாவிற்குக் காரணம். இழந்த நீரையும் உப்பையும் மீட்டுக் கொடுத்தால் நோயாளி பிழைப்பான். சில நாள்களில் உடல் தானே கிருமியை வென்றுவிடும். இவ்வுண்மை இன்று எளிதாகத் தோன்றுகிறது. அன்றோ, நீர் நீராய்க் கழிபவனுக்கு நீர் கொடுத்தால் கழிச்சல் மிகும் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. விடாய் மிகுந்து தண்ணீர் கேட்டுக் கதறியவர்கள் அது மறுக்கப்பட்டு மாண்டனர்.

பம்பின் கைப்பிடி

1817ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜெசோர்ப் பகுதியில் மூண்ட வாந்திபேதி, வணிகக் கலங்களோடும் படைகளோடும் பயணம் செய்து சில ஆண்டுகளில் தென்கிழக்காசியக் கரைகளையும் தொட்டது. அடுத்தெழுந்த அலை 1831இல் இங்கிலாந்தை எட்டியது. அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அக்கால அறிஞர் நம்பினர். தமிழகத்துச் சிற்றூர்களிலோ அம்மன் சினம் என்று அஞ்சிய மக்கள் பொங்கலிட்டுப் படையலிட்டனர். இரு சாராரும் நீரை ஐயுறவில்லை.

நீரை ஐயுற்றவர் ஜான் ஸ்நோ என்னும் இலண்டன் மருத்துவர். 1849ஆம் ஆண்டிலேயே தம் கருத்தை வெளியிட்ட அவர், 1854இல் அதற்குச் சான்று தேடி வீடு வீடாகச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் சோகோப் பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிப் பத்தே நாள்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மாண்டவர் பெரும்பாலோர் அத்தெருவின் கைப்பம்பில் நீர் எடுத்தவர்கள் என்பதை ஸ்நோ நிறுவிக் காட்டினார். அவர் வேண்டுகோளை ஏற்ற உள்ளூர் ஆட்சியினர் செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினர். அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்நோவே மறைக்காமல் எழுதினார். உண்மை நாடுவோர்க்கு அழகு அதுவே.

அவருடைய வலிய சான்று வேறோர் ஆய்வில் இருந்தது. தென் இலண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களுக்கு நீர் வழங்கின. ஒன்று தேம்சு ஆற்றின் கழிவு கலந்த பகுதியிலிருந்தும், மற்றொன்று 1852 முதல் நகருக்கு மேற்பட்ட தூய பகுதியிலிருந்தும் நீரை எடுத்தன. பத்தாயிரம் வீடுகளுக்கு முதலாவது நிறுவனத்தின் நீரைப் பருகியோரிடையே 315 சாவுகளும், இரண்டாவது நிறுவனத்தின் நீரைப் பருகியோரிடையே 37 சாவுகளும் நேர்ந்தன. காற்றும் ஒன்றே, தெருவும் ஒன்றே. நீர் மட்டுமே வேறு. இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனினும் அதிகாரிகள் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டு, தம் கருத்து வெற்றி பெறுவதைக் காணாமலே ஸ்நோ மறைந்தார்.

அதே 1854இல் இத்தாலியில் பிலிப்போ பாச்சினி என்பார் இறந்தோர் குடலில் அந்நுண்ணுயிரைக் கண்டு எழுதியிருந்தார். அதையும் உலகம் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் கல்கத்தாவில் அக்கிருமியைப் பிரித்தெடுத்து, மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் காட்டினார். 1892ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 8,600 பேர் வாந்திபேதிக்கு இரையாயினர். ஒட்டியே கிடந்த ஆல்டோனா நகரோ நீரை மணற்படுகையில் வடிகட்டி வழங்கியமையால் பெரிதும் தப்பியது. நீரே நோயின் ஊர்தி என்பதில் அதன்பின் ஐயத்திற்கு இடமிருக்கவில்லை.

கைவிடப்பட்ட கண்டுபிடிப்பு

நோயைத் தடுக்கும் வழி இவ்வாறு தெளிவாயிற்று. நோய் கண்டவரைக் காக்கும் வழியோ அதற்கும் முன்பே கைக்கு எட்டிக் கைவிட்டுப் போயிற்று. 1831ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்திரண்டே வயதான ஓஷாக்னசி என்னும் மருத்துவர், வாந்திபேதி கண்டோரின் இரத்தம் நீரையும் உப்பையும் பெருமளவு இழந்திருப்பதை ஆராய்ந்து கூறினார். அதனைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1832இல் துணிவான செயலொன்றைச் செய்தார். சாகும் நிலையிலிருந்த மூதாட்டி ஒருவரின் நாளத்தில் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன. ஒடுங்கிய நாடி மீண்டது. அரை மணி நேரத்தில் அவ்வம்மையார் பேசலானார். மனநிறைவோடு அவரை வேறொருவர் பொறுப்பில் விட்டு லாட்டா அகன்றார். வயிற்றுப்போக்கு மீண்டும் தொடர்ந்தது, உப்புநீர் தொடரவில்லை. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

இழப்பு நிற்கும்வரை ஈடு செய்தலும் நிற்கலாகாது என்பதே அந்நிகழ்ச்சி புகட்டிய பாடம். ஆனால் உலகம் வேறு பாடம் கற்றது. இம்முறை பயனற்றது என்று பலர் தள்ளினர். லாட்டா அடுத்த ஆண்டே மறைந்தார். ஏற்கெனவே வறண்ட உடலிலிருந்து குருதியை வடித்தலும், பாதரசம் கலந்த பேதி மருந்து கொடுத்தலும் பல்லாண்டுகள் தொடர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனர்டு ராஜர்ஸ் நாளவழி உப்புநீரை மீண்டும் கையாண்டு, சாவு விகிதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். எனினும் அம்முறைக்குத் தூய்மைப்படுத்திய நீரும் ஊசியும் குழாயும் தேர்ந்த கைகளும் தேவை. மருத்துவமனைக்கு வெளியே கிடந்த பெருங்கூட்டத்திற்கு அஃது எட்டாக் கனியாகவே இருந்தது.

மலாயாவின் தோட்டங்களில்

அவ்வாறு எட்டாத நிலையில் இருந்தோருள் மலாயாவுக்கு வந்த தமிழரும் அடங்குவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தொழிலாளர், இட நெருக்கடி மிகுந்த கலங்களில் வந்திறங்கினர். கப்பலில் நோய் கண்டால் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ, சிங்கப்பூரை அடுத்த செயிண்ட் ஜான் தீவிலோ தனித்து வைக்கப்பட்டனர். செயிண்ட் ஜான் தீவின் தடுப்பு நிலையம், 1873ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதன் விளைவாக 1874இல் தோன்றியதாகும்.

தோட்டத்தை அடைந்த பின்னும் துன்பம் ஓயவில்லை. காடு அழித்த நிலத்தில் மலேரியாவும், லயங்களில் வயிற்றுப்போக்கும் சீதபேதியும் காத்திருந்தன. ஓடை நீரே குடிநீர். அவ்வோடையின் கரையே கழிப்பிடம். நாள் முழுதும் உழைத்த பெண் கொதிக்க வைத்த நீரைத் தேடவோ, விறகு செலவழிக்கவோ நேரம் பெற்றாளில்லை. காய்ச்சலினால் முன்பே நலிந்த உடல் இரண்டாம் நோயைத் தாங்கவில்லை. நல்ல நீரும் கழிப்பிடமும் மருத்துவமனையும் தோட்ட நிருவாகங்களின் கடமை என்று சட்டம் வலியுறுத்தத் தொடங்கிய பின்னரே சாவுகள் படிப்படியாகக் குறைந்தன. இரப்பர் மரங்களின் வரிசைகளுக்கிடையே பெயர் பொறிக்கப்படாத மண்மேடுகளாய்ப் போனவர்களின் கதையும் இவ்வரலாற்றின் ஒரு பக்கமே.

குடலின் திறந்த கதவு

வாயினாலேயே நீரையும் உப்பையும் கொடுக்க இயலாதா என்னும் வினா சிலர் நெஞ்சில் எழுந்தது. 1953ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, குளுக்கோசும் உப்பும் கலந்த நீரை 186 நோயாளர்க்கு வாய்வழி கொடுத்துக் காத்ததாக இலண்டன் மருத்துவ இதழொன்றில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில் அவ்வாய்வு அமையவில்லை என்பதாலும், காரணம் விளக்கப்படவில்லை என்பதாலும் அது கவனம் பெறவில்லை. 1959இல் அதே நகரின் சம்புநாத் தே, கிருமி நீக்கிய சாறே நோயை உண்டாக்குவதை முயலின் குடலில் காட்டி, நச்சுப்பொருளின் இருப்பை மெய்ப்பித்தார். குடல் சிதையவில்லை, தூண்டப்படுகிறது என்னும் தெளிவு அதனால் பிறந்தது.

1960ஆம் ஆண்டு இராபர்ட் கிரேன் என்பார் பிராக் நகர மாநாட்டில் மற்றோர் உண்மையை முன்வைத்தார். குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்தே உள்ளே புகுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் புகுகிறது. வாந்திபேதியின் நச்சு மற்றக் கதவுகளைக் குலைத்தாலும் இக்கதவை அடைப்பதில்லை. உப்பு நீரை மட்டும் கொடுத்தால் அது வெளியேறிவிடும். சர்க்கரையும் சேர்ந்தால் உடலில் தங்கும். பன்னெடுங்காலம் மறைந்திருந்த திறவுகோல் இதுவே.

திறவுகோல் கிடைத்தும் முதல் முயற்சி தவறியது. 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்சில் கொடுக்கப்பட்ட கரைசலின் செறிவு மிகுந்ததால் நோயாளர் சிலர் இறந்தனர். அளவே மருந்து என்பது அதனால் உணரப்பட்டது. 1968ஆம் ஆண்டு டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இளம் மருத்துவர் இருவர், நடுவில் துளையிட்ட கட்டிலின் கீழ் வாளி வைத்து இழப்பை அளந்தனர். அளந்த அளவிற்கு ஈடாகக் கரைசலைக் குடிக்கச் செய்தனர். நாளவழி நீரின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அக்காலத்தே கல்கத்தா ஆய்வாளரும் இதே முடிவினை எய்தினர்.

போன்காவ் முகாம்

ஆய்வுக்கூடத்தில் வென்றது அவலத்தின் நடுவே வெல்லுமா? 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின் போது, ஏதிலிகள் பெருந்திரளாக இந்தியாவினுள் புகுந்தனர். எல்லையோரத்துப் போன்காவ் முகாமில் வாந்திபேதி கொடுமையாகப் பரவியது. நோயாளர் தரையிலே கிடந்தனர்; நாளவழிச் செலுத்தும் நீர் விரைவில் தீர்ந்தது. நோயுற்றோரில் நூற்றுக்கு முப்பதின்மர் வரை மாண்டனர்.

அங்குப் பணியாற்றிய திலீப் மஹாலனாபிஸ் என்னும் மருத்துவர் ஒரு முடிவு செய்தார். சமையல் உப்பு, சமையல் சோடா, குளுக்கோசு ஆகிய மூன்றையும் நிறுத்துக் கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டச் செய்தார். முகாமில் அவை பெரிய பீப்பாய்களில் கரைக்கப்பட்டன. குழாயைத் திருகிக் குவளையில் பிடித்து, நோயாளியின் தாயும் தமக்கையும் நண்பனுமே ஊட்டினர். தேர்ந்த செவிலியர் செய்த வேலையை உற்றார் உறவினர் செய்தனர். சற்றேறக்குறைய இரு மாதங்களில் 3,700 நோயாளர் இவ்வாறு பார்க்கப்பட்டனர். சாவு விகிதம் 3.6 விழுக்காடாகத் தாழ்ந்தது.

மருத்துவ இதழ்கள் முதலில் நம்பத் தயங்கின. அக்கட்டுரை 1973இல்தான் வெளிவந்தது. 1978ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்களுக்கு எதிரான உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில், புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட், இந்நூற்றாண்டின் மிகச் சிறந்த மருத்துவ முன்னேற்றமாக இஃது அமையக்கூடும் என்று தலையங்கம் தீட்டியது. 2022இல் மறைந்த மஹாலனாபிசுக்கு இந்திய அரசு மறைவுக்குப் பின் 2023ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது வழங்கியது.

கற்பித்தலின் வெற்றி

மருந்து கண்டால் மட்டும் போதாது. அது மக்கள் கைக்குச் சேர வேண்டும். இவ்விடத்தில் வரலாற்றை நடத்தியவர்கள் ஆசிரியப் பணி செய்த மகளிரே. 1980 முதல் 1990 வரை, பிராக் என்னும் வங்கதேசத் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களுக்குச் சென்றனர். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்னும் அளவினை எழுத்தறியாத் தாயர்க்கும் நேரில் செய்து காட்டினர்; தாயரையே செய்யச் சொல்லிச் சரிபார்த்தனர்.

அவர்தம் ஊதியம் கணக்கிடப்பட்ட முறை சிந்தனைக்குரியது. எத்தனை வீடு ஏறினர் என்பதைக் கொண்டு ஊதியம் அமையவில்லை. சில நாள் கழித்து வேறொருவர் சென்று, தாயர் எவ்வளவு நினைவில் வைத்துள்ளனர் என்று ஆராய்ந்து, அதற்கேற்பவே ஊதியம் வழங்கப்பட்டது. கற்பித்தவர் பெருமை கற்றவரிடத்தே அளக்கப்பட்டது. எனினும் கற்றுக்கொண்டோர் பலர் நோய் வந்தபோது அதனைப் பயன்படுத்தவில்லை. காரணம் ஆராய்ந்தபோது, பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. தங்களுக்கு நோய் வந்தால் மாத்திரையைத் தேடினர். அவர்களை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று கரைசல் செயற்படும் விதம் காட்டப்பட்டது. ஆடவரையும் கூட்டி விளக்கினர். அதன்பின் பயன்பாடு வளர்ந்தது. தான் நம்பாததைப் பிறர்க்குக் கற்பிக்க முடியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இன்றைய நிலை

1980களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 45 இலட்சம் சிறார்கள் வயிற்றுப்போக்கினால் மடிந்ததாக மதிப்பிடப்பட்டது. 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு ஏறத்தாழ 4,40,000 எனக் கூறுகிறது. இவ்வீழ்ச்சியில் தூய நீர், தாய்ப்பால், தடுப்பூசி, நல்லுணவு ஆகியவற்றோடு உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் பெரும்பங்கு உண்டு. கரைசலும் காலத்திற்கேற்பத் திருந்தியது. 2002 முதல் செறிவு குறைந்த கலவை பரிந்துரைக்கப்படுகிறது: ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். 2004 முதல் குழந்தைகளுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை துத்தநாகச் சத்தும் உடன் தரப்படுகிறது.

பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். உப்பு மிகுதல் தீது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. நம் முன்னோர் கொடுத்த உப்பிட்ட அரிசிக்கஞ்சியும் வீண்போகவில்லை. அரிசி மாவினால் ஆன கரைசல் வாந்திபேதியில் கழிச்சலின் அளவையே குறைப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மலத்தில் இரத்தம் காணினும், குழந்தை சோர்ந்து நீர் அருந்த மறுப்பினும், கண் குழிந்து சிறுநீர் குறையினும் தாழ்க்காது மருத்துவரை நாட வேண்டும்.

வெற்றி முழுமையடைந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1961ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் எழுந்து சரவாக்கையும் விரைவிலேயே தொட்ட ஏழாம் உலகப் பரவல் இன்னும் ஓயவில்லை. 1991இல் பெருவிலும், 2010இல் ஹெய்ட்டியிலும், 2016 முதல் ஏமனிலும் அது பேரழிவு விளைத்தது. போரும் வறுமையும் நீர்க்குழாயை உடைக்குமிடமெல்லாம் அது மீண்டெழுகிறது. வயிற்றுப்போக்குக் கண்ட உலகச் சிறாருள் பாதிக்கும் குறைவானவர்க்கே இன்றும் இக்கரைசல் கிட்டுகிறது. சில காசு விலையுள்ள மருந்து அது. எளியது என்பதனாலேயே முன்னர்ப் புறக்கணிக்கப்பட்டது. எளியோர்க்கு உரியது என்பதனாலேயே இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இதன் அளவினை மறவாது கற்றால், முப்பது இல்லங்களில் இம்மருந்து நுழைந்ததாகும்.